சேற்றுப்புண்: பூசுவதற்கு முன் டியூப்பின் பின்பக்கத்தை வாசியுங்கள்

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் நனைந்த சப்பாத்து காய இரண்டு நாள் பிடிக்கும். கால் மட்டும் தினமும் நனையும். கார்த்திகை, மார்கழியில் பாமசிக்காரரிடம் "கால் விரலுக்குள்ள கடிக்குது, ஏதாவது தாங்கோ" என்று நிற்பவர்கள் கூடுவது இதனால்தான்.

பெயரில் சேறு இருந்தாலும் தம்பலகாமத்து வயலில் இறங்காதவருக்கும் இது வரும். கந்தோரில் நாள் முழுக்கச் சப்பாத்தோடு இருப்பவரைத்தான் இது நன்றாகப் பிடிக்கும். காரணம் ட்ரைக்கோபைட்டன் என்ற பூஞ்சை இனம். பெரும்பாலும் அது இன்னொருவர் காலில் இருந்து உதிர்ந்த தோல்துகளோடு வருகிறது: ஒரே துவாய், குளியலறைத் தரை, மாறிப் போட்ட செருப்பு. தண்ணீரில் ஊறிய தோல் அதற்கு வழி விடுகிறது.

முதலில்: சீனி வருத்தம் உள்ளவர்கள், பாதம் வீங்கிச் சிவப்பு மேலே ஏறுபவர்கள், சீழோ காய்ச்சலோ உள்ளவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

1. பூஞ்சைதானா என்று பாருங்கள்

வெளிச்சத்தில் உட்கார்ந்து சின்னவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தண்ணீரில் ஊறிய கடதாசிபோலத் தோல் வெளுத்திருக்கும். அதன் ஓரம் எழும்பிய இடத்தில் இளஞ்சிவப்புத் தசையும், அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் தெரியும். வெள்ளைத் தோலை உரிக்க வேண்டாம்.

இன்னொரு வகையில் கடியே இருக்காது. உள்ளங்கால் முழுக்க உலர்ந்து, ரேகைகளுக்குள் கோதுமை மா தூவியதுபோல் இருக்கும். வறட்சி என்று நினைத்து வருடக்கணக்காகத் தேங்காயெண்ணெய் பூசுவார்கள்.

உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பக்டீரியா. கீழே சொல்லும் டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்து அதற்குச் சரிவராது, வைத்தியரிடம் காட்டுங்கள்.

2. துடைப்பது

பழைய பருத்திச் சாரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கீலங்கள் கிழித்து வையுங்கள். குளித்ததும் உடம்பைத் துவாயால் துடைத்துவிட்டு, கீலத்தை ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். தேய்த்தால் வெடிப்பு பெரிதாகும். உடம்பு துடைத்த துவாயைக் காலுக்கும், கால் துடைத்த துணியைத் தொடைப்பக்கமும் கொண்டுபோகாதீர்கள். தொடையிடுக்கில் வரும் படைக்கும் காரணம் இதே பூஞ்சைதான். அதனால் உடுக்கும்போதும் முதலில் சொக்ஸ், பிறகு உள்ளாடை.

தொழுகைக்கு முன் ஐந்து வேளை வுழூ செய்து கால் கழுவுபவர்கள் கீலம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது. கோணேசர் கோயிலுக்கு மழையில் வெறுங்காலோடு ஏறி இறங்குபவர்களுக்கும் அப்படியே.

பவுடரை விரலிடுக்கில் கொட்டாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொக்ஸுக்குள் தூவினால் போதும். உப்புநீர், டெட்டோல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

3. எந்தக் கிறீம்?

பலருக்கு வருத்தம் மாதக்கணக்கில் இழுபடுவது இந்த இடத்தில்தான்.

டியூப்பின் முன்பக்கத்து வியாபாரப் பெயரைப் பார்க்காதீர்கள். திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை வாசியுங்கள். தேவையானது டெர்பினஃபின் 1 சதவீதம், அல்லது குளோட்ரிமசோல் 1 சதவீதம், அல்லது மைகொனசோல் 2 சதவீதம். அது ஒன்று மட்டும்.

குளோபீட்டசோல் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொடக்கமும் "குளோ", முடிவும் "சோல்". அவசரத்தில் குளோட்ரிமசோல் என்றே கண்ணுக்குப் படும். நடுவில் "ட்ரி" இருக்கிறதா என்று பாருங்கள். குளோபீட்டசோல் கடுமையான ஸ்டீரொயிட். பீட்டாமெத்தசோனும் அந்தக் குடும்பம். பூஞ்சை மருந்தோடு இவற்றைக் கலந்த டியூப்களும் இருப்பதால் முழுப் பட்டியலையும் வாசிக்க வேண்டும்.

ஸ்டீரொயிட் பூசினால் இரண்டே நாளில் கடி நின்றுவிடும், சிவப்பு மறையும். "நல்ல மருந்து" என்று வீட்டில் எல்லோருக்கும் அதே டியூப் சுற்றும். உண்மையில் அது பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியைத்தான் அடக்குகிறது. பூஞ்சை சத்தமில்லாமல் பரவி, நிறுத்தியதும் முன்னையைவிடப் பெரிதாகக் கிளம்பும். அப்போது அதன் உருவமே மாறியிருப்பதால் வைத்தியருக்கும் சட்டென்று பிடிபடாது.

நிஸ்டாற்றின் பூஞ்சை மருந்துதான், ஆனால் ட்ரைக்கோபைட்டனுக்கு வேலை செய்யாது.

என் தெரிவு டெர்பினஃபின். விலை கூட, ஆனால் நாட்கள் குறைவு. உள்ளங்கால் தடித்து உலர்ந்தவர்களுக்கு மலிவான விற்ஃபீல்ட் களிம்பும் உதவும். பென்சோயிக் அமிலம் 6, சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம் கலந்தது. வெடித்த விரலிடுக்கில் வைத்தால் நெருப்பாய் எரியும்.

4. எவ்வளவு, எத்தனை நாள்

சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு கால் விரலிடுக்குகளுக்கும் ஒரு தடவைக்கு அது போதும். கண்ணுக்குத் தெரியும் ஓரத்தையும் தாண்டி இரண்டு சென்ரிமீற்றர் வெளியே பூசுங்கள். வெள்ளைப் படையாக நிற்காமல் தேய்த்து உள்ளே விடுங்கள்.

டெர்பினஃபின்: காலை, மாலை. விரலிடுக்குக்கு 1 வாரம், உள்ளங்காலுக்கு 2 வாரம். விரலிடுக்கென்றால் 15 கிராம் டியூப்பில் பாதி முடியும். வாரம் முடிந்தபோது தோல் முழுதாகத் தேறவில்லையே என்று பதற வேண்டாம். மருந்து தோலுக்குள் தங்கி வேலை செய்யும்.

குளோட்ரிமசோல்: காலை, மாலை, 4 வாரம். அரை கிராம்படி 56 தடவை, 28 கிராம். ஆகவே முதல் நாளே இரண்டு டியூப் வாங்குங்கள். ஒன்று முடியும்போது கடியும் நின்றிருக்கும், இரண்டாவதை வாங்க யாரும் போவதில்லை, தைப்பொங்கலுக்குள் திரும்ப வந்துவிடும். கலண்டரில் முடிவுத் திகதியை இன்றே வட்டமிடுங்கள்.

5. சப்பாத்தும் சொக்ஸும்

இரண்டு சோடியை மாறி மாறிப் போடுங்கள். கழற்றியதை உள்தகட்டை வெளியே எடுத்து, கசக்கிய பத்திரிகைத்தாள் திணித்து, மின்விசிறிக்கு முன் வையுங்கள். சொக்ஸைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் கடி இருந்தால் இருவரும் ஒரே வாரத்தில் பூசத் தொடங்க வேண்டும்.

வயல்காரருக்கு ஒன்று: விரலிடுக்கு வெடிப்பு எலிக்காய்ச்சல் கிருமிக்கும் வாசல். வயலில் இறங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

நகம் மஞ்சளித்து, தடித்து, உதிர்கிறதென்றால் பூஞ்சை நகத்துக்குள்ளும் போயிருக்கலாம். சாதாரண கிறீம் அங்கே எட்டாது; டெர்பினஃபின் மாத்திரை கால்நகத்துக்கு வழக்கமாக 12 வாரம். ஈரல் சோதனை பார்த்து வைத்தியர்தான் எழுத வேண்டும். கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் செல்லும்.

நாள் தவறாமல் பூசியும் 4 வாரத்தில் மாற்றமில்லையா? தோல் சுரண்டிச் சோதிக்கக் கேளுங்கள். துகளைப் பொட்டாசியம் ஐதரொக்சைட்டில் கரைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். கிறீமை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பூசிய காலோடு போனால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.