சர்க்கரையை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தால் போதாது

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கூடவே ரெண்டு பஃப்ஸ் வாங்கிக் கடிக்கிறவரை எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். நானும் அப்படி இருந்தவன்தான். சர்க்கரை நோய் என்ற பெயரை வைத்தே சர்க்கரைதான் ஒரே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறோம் பாருங்கள், அதுதான் முதல் தவறு.

இன்சுலினைச் சுரப்பவை கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள். அவற்றைக் கெடுப்பதில் கொழுப்புக்கும், அதிலும் பால்மிடிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலத்துக்கும் பங்கு உண்டு. பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல் இதுதான், நெய்யில் கால் பங்கு.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் பீட்டா செல்களுக்கு பால்மிடிக் அமிலம் கொடுத்தால் முதல் சில மணி நேரம் இன்சுலின் கூடுதலாகத்தான் வரும். ஒன்றிரண்டு நாளில் கதை மாறிவிடும். இன்சுலினை மடித்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர செல்லுக்குள் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே கால்சியம் குறைந்து, அரைகுறையாக மடிந்த புரதம் குவிந்து, இன்னொரு பக்கம் செராமைடு என்ற கொழுப்பும் சேர்ந்து, கடைசியில் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. அதே செல்களுக்கு ஒலீயிக் அமிலத்தையும் (கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைய இருப்பது) சேர்த்துக் கொடுத்தால் சேதம் வெகுவாகக் குறைகிறது. பால்மிடிக் அமிலத்தையும் இழுத்துக்கொண்டு போய்ச் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகளுக்குள் அடைத்துவிட அது உதவுகிறது.

சர்க்கரை தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குளுக்கோஸ் எக்கச்சக்கமாக இருக்கும்போது, கொழுப்பை எரிப்பதற்காக மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் அடுப்புக்குள் விடும் கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே போய் எரிய வேண்டியது வெளியே தேங்கி செராமைடாகிறது. மைதாவும் பாமாயிலும் கூட்டணி சேர்ந்த பரோட்டா மேல் எனக்கு இருக்கும் பயம் இதனால்தான்.

அடுத்த தவறு, எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாவது. தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயிலிலும்தான். பார்க்க வேண்டியது சாச்சுரேட்டட் ஃபேட், அதாவது நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியை.

அப்புறம், எண்ணெயை அறவே நிறுத்திவிட்டு அந்தப் பசிக்குச் சோறும் பிஸ்கட்டுமாகத் தள்ளுவது. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும்போது முதலில் உருவாகி வருவதே பால்மிடிக் அமிலம்தான்!

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆய்வுக்கூடச் செல்களுக்கு நடந்தது ஒரு ஸ்பூன் நெய் சாப்பிட்டால் நமக்கும் நடக்கும் என்று அலறுவது. அங்கே செல்கள் மணிக்கணக்கில் அந்த அமிலத்திலேயே ஊறிக்கிடக்கின்றன, உடம்பு அப்படியில்லை. மனிதர்களிடம் என்ன ஆகிறது என்பதற்கு ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்து 2014இல் வந்த ஆய்வைச் சொல்லலாம். 39 இளைஞர்களுக்கு 7 வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாமாயிலில் செய்தது, இன்னொரு பிரிவுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு பக்கமும் எடை ஒரே மாதிரிதான், ஒன்றரைக் கிலோ சொச்சம் கூடியது. ஆனால் கல்லீரல் கொழுப்பு பாமாயில் பக்கம்தான் நன்றாக ஏறியிருந்தது. அளந்தது கல்லீரலைத்தானே, பீட்டா செல்லை இல்லையே என்று கேட்டால், சரிதான், உயிரோடு இருப்பவரின் பீட்டா செல்லை அவ்வளவு லேசில் எட்டிப் பார்க்க முடியாது.

சர்க்கரை நோய் வந்துவிட்டால் போனது போனதுதான் என்று கைகழுவுவதும் தவறு. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் (DiRECT) என்ற ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோய் வந்து 6 வருடத்துக்குள் இருந்தவர்கள் சில மாதங்கள் தினம் சுமார் 850 கலோரியில் இருந்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். அங்கே மருத்துவக் கண்காணிப்பில் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டே இதை நீங்களாக வீட்டில் செய்து பார்த்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் போட்டுவிடலாம்.