கப்பல் கலைஞர்கள் கரையிறங்கும்முன்

கரீபியன் சொகுசுக் கப்பலில் பாடவோ ஆடவோ வேலையா? மேடை பெரும்பாலும் இரவில்தான், பகலில் தீவு சுற்றலாம். ஆனால் அவசரகாலப் பணிக்காக அன்று கப்பலிலேயே தங்க வேண்டியவர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், கைபேசி நேரத்தை நம்பாதீர்கள். கோடையில், மயாமி நேரத்தையே வைத்திருக்கும் கப்பலில் மணி 4 என்றால், மெக்சிகோவின் கோசுமெல் தீவில் 3தான். கைபேசி தானாகவே தீவு நேரத்துக்கு மாறிவிடும். நீங்கள் நிதானமாக நீந்திக்கொண்டிருப்பீர்கள். கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். பணியாளர்கள் பொதுவாகப் பயணிகளுக்கு முன்பே ஏறிவிட வேண்டும்.

குராசோ தீவில் வில்லம்ஸ்டாட் நகரின் மிதவைப் பாலம் கப்பல்களுக்காக அப்படியே ஒதுங்கிக்கொள்ளும். பதற வேண்டாம், அப்போது இலவசப் படகு ஓடும். என்றாலும் அரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்புங்கள்.