சார்ஜ் கூலர் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

35 டிகிரி வெயிலில் டர்போ 1 பார் பூஸ்ட் (எஞ்சினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) கொடுத்தால், கம்ப்ரெஸரிலிருந்து வெளியே வரும் காற்றின் சூடு ஏறக்குறைய 130 டிகிரியைத் தொட்டுவிடும். அதைத் தண்ணீரால் இறக்குவதுதான் சார்ஜ் கூலரின் வேலை. சென்னைக்கு அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்காக வண்டியைத் தயார் செய்பவர்கள் பலரும் பெரிய கோர் (காற்றின் சூடு தண்ணீருக்கு மாறும் பாகம்) வாங்குவதிலேயே காசைக் கொட்டிவிடுகிறார்கள். வாங்கிய சூட்டைத் தண்ணீர் எங்கே போய் இறக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

ரோட்டில் சில விநாடிகள் மிதித்துவிட்டு காலை எடுத்துவிடுவோம். தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். 3.7 கிலோமீட்டர் டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்றாக மிதித்தால் தாங்காது. இந்தத் தண்ணீருக்கென்று முன்பக்கம் இருக்கும் சின்ன ரேடியேட்டர்தான் எல்லாச் சூட்டையும் வெளியே தள்ள வேண்டும். அதை ஏசி கண்டென்சருக்குப் பின்னால் சொருகாதீர்கள், ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும். பம்பருக்குள் நுழைந்த காற்று ஓரத்து இடுக்கு வழியாக நழுவிவிடாமல் அலுமினியத் தகடு வளைத்து அடைத்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். எஞ்சின் ரேடியேட்டர் தண்ணீரோடு இணைப்பது அடியோடு தவறு. அது 90 டிகிரியில் ஓடுவது.

அடுத்தது ஏர் லாக், அதாவது குழாய்க்குள் காற்று சிக்கித் தண்ணீர் ஓட்டத்தைத் தடுப்பது. இந்தத் தண்ணீரைச் சுற்றவிடும் எலெக்ட்ரிக் பம்புகள் பெரும்பாலும் தண்ணீரைத் தானாக உறிஞ்சாது. தொட்டிக்குக் கீழே பம்பு, எல்லாவற்றுக்கும் மேலே நிரப்பும் மூடி, இதுதான் சரி. நிரப்பும்போது முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு பம்பை மட்டும் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து வைத்து, ஹோஸ்களைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டால் களகளவென்று குமிழி வரும். அது முழுக்க அடங்கி, திரும்பி வரும் தண்ணீர் ஒரே சீராக ஓடும் வரை மூடியைப் போடாதீர்கள். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கோருக்குள் உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு, துரு பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் கூலண்ட் போதும். சென்னையில் தண்ணீர் உறையப்போவதில்லை. கூலண்ட் கூடினால் சூட்டைச் சுமக்கும் திறன்தான் குறையும்.

சென்னையின் பழைய வண்டி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கோர் வாங்குகிறீர்களா? தப்பில்லை. ஆனால் தண்ணீர் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் மெல்லக் காற்றடித்து, பெரிய டப்பில் முக்கிப் பாருங்கள். ஊசிமுனைக் குமிழி ஒன்று வந்தாலும் அந்தக் கோர் வேண்டாம். உள்ளே கசியும் தண்ணீர் நேராக சிலிண்டருக்குப் போகும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பூஸ்ட் பைப்புகளின் முனையில் விளிம்பு எழுப்பி, டி-போல்ட் கிளாம்ப் (போல்ட்டால் இறுக்கும் பட்டை) போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் மாட்டினால் ஹோஸ் கழன்று வரும்.

பம்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ் அவசியம். பம்பு நின்றுபோனால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. காற்றுச் சூடு ஏறி நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) தொடங்கிய பிறகுதான் தெரியவரும். அதனால் காற்றுச் சூட்டை அளக்கும் சென்சாரைக் கோருக்குப் பின்னால், த்ராட்டில் பக்கமாக வையுங்கள். அப்புறம் ட்யூனரிடம் போய், அந்தச் சூடு எல்லை தாண்டினால் பூஸ்ட் தானாகக் குறையும்படி எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பில் எழுதி வாங்கிய பிறகே டிராக்குக்குப் போங்கள்.