இதயச் செல்லில் அடினைலேட் சைக்கிளேஸை இயக்கும் ஜி புரதம் எது எனக் கண்டறியும் முறை

இதயத் தசைச் செல்லில் ஒரு மருந்தைச் சேர்த்ததும் செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் அளவு உயர்ந்தால், அது எந்த ஜி புரதத்தின் (செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி பெறும் செய்தியை உள்ளே கடத்தும் புரதம்) வேலை என்பதை ஒரே அளவீட்டைக் கொண்டு சொல்லிவிட முடியாது. சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் நொதியான அடினைலேட் சைக்கிளேஸை ஜிஎஸ் புரதம் தூண்டியிருக்கலாம். ஜிஐ புரதம் விதித்திருந்த தடை தளர்ந்திருக்கலாம். அல்லது இரண்டுமே மாறாமல், சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதி மட்டும் மந்தமாகியிருக்கலாம்.

செல்களிலிருந்து தொடங்க வேண்டும். கொலாஜினேஸ் நொதியால் பிரித்தெடுத்த செல்களை முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள். நலமான முதிர்ந்த செல் செங்கல்லைப் போல நீண்டு, விளிம்பு கூராகவும் குறுக்குவரிகள் தெளிவாகவும் இருக்கும்; கால்சியம் மிகுந்து மடியும் செல் சுருங்கி உருண்டுவிடும். உருண்டவை மிகுந்திருந்தால் அன்றைய சோதனையைக் கைவிடுவதே நல்லது; ஏனெனில் இதயத் தசையில் மேலோங்கியிருக்கும் அடினைலேட் சைக்கிளேஸ் வகைகளான 5, 6 ஆகிய இரண்டையும் கால்சியம் நேரடியாகவே தடுக்கும், அந்தத் தடையை ஜிஐயின் தடை என்று எளிதில் தவறாக எண்ணிவிடுவோம்.

அடுத்து, ஐபிஎம்எக்ஸ் என்ற தடுப்பானைச் சேர்த்துப் பாஸ்போடைஎஸ்டரேஸை அடக்கிவிட்டால், அளவிடும் சைக்ளிக் ஏஎம்பி பெரும்பாலும் உற்பத்தியையே காட்டும். பிறகு ஒரு தட்டில் ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார் சேர்க்கவும். இது ஏற்பியைச் சாராமல் நொதியின் வினையூக்கப் பகுதியிலேயே ஒட்டிக்கொள்வதால், இதற்கும் விடை வராவிட்டால் குறை நொதியிலோ அளவீட்டிலோ உள்ளது. ஆயினும் செயலுற்ற ஜிஎஸ்ஸின் ஆல்ஃபா அலகு உடனிருந்தால் ஃபோர்ஸ்கோலினின் விளைவு பெருகும் என்பதால், அதை ஜி புரதத்திலிருந்து முற்றிலும் விலகிய சோதனையாகக் கருதக் கூடாது.

ஜிஎஸ்ஸைக் காண ஐசோபுரோட்டிரினால் என்ற மருந்து போதும். பீட்டா ஏற்பி தூண்டப்பட்டதும் ஆல்ஃபா அலகு குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டு ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்து நொதியைத் தூண்டுகிறது. அந்த ட்ரைபாஸ்பேட்டைத் தானே உடைக்கும்போது அணைகிறது. சில நிமிடங்களுக்குள் அமிலம் ஊற்றி வினையை நிறுத்துங்கள்; காலம் நீண்டால் ஏற்பி பாஸ்பேட் ஏற்றப்பட்டு, அரெஸ்டின் என்ற புரதம் ஒட்டி, மந்தமாகத் தொடங்கிவிடும்.

பலரும் தவறுவது ஜிஐயில்தான். ஓய்வில் உள்ள செல்லில், ஜிஐயோடு இணைந்த எம்2 ஏற்பியைத் தூண்டும் கார்பகாலை மட்டும் சேர்த்தால் சைக்ளிக் ஏஎம்பி பெரிதாகக் குறையாது. அடக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை. ஐசோபுரோட்டிரினாலால் உயர்த்திய பிறகு கார்பகாலைச் சேர்த்தால்தான் எம்2 ஏற்பி வழியாக வரும் இறக்கம் கண்ணுக்குத் தெரியும். துடிப்பு குறைந்ததை மட்டும் சான்றாக எடுப்பதும் பிழை: ஜிஐயின் பீட்டா-காமா அலகு பொட்டாசியம் கால்வாயை நேரடியாகத் திறப்பதால், சைக்ளிக் ஏஎம்பி மாறாமலேயே ஏட்ரியச் செல்களும் சைனஸ் கணுச் செல்களும் மெதுவாகும்.

அந்த இறக்கம் உண்மையிலேயே ஜிஐயால் வந்ததா என்பதைக் கக்குவான் இருமல் பாக்டீரியா சுரக்கும் பெர்டுசிஸ் நச்சு உறுதிசெய்யும். அது ஜிஐ ஆல்ஃபாவின் முனைப் பகுதியில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் அடினோசின் டைபாஸ்பேட்-ரைபோஸைப் பொருத்தி, ஏற்பியுடன் இணையவிடாமல் செய்கிறது. நச்சு செல்லுக்குள் நுழையவே நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் மட்டும் வைத்துவிட்டு ‘ஜிஐக்குப் பங்கில்லை’ என்று எழுதிய பிழையை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். பல மணி நேரம் வைத்த பின்னரே கார்பகாலின் இறக்கம் மறைகிறதா என்று பாருங்கள். பீட்டா-2 ஏற்பியைத் தூண்டும்போது இந்த நச்சு சைக்ளிக் ஏஎம்பியை மேலும் உயர்த்தினால், அந்த ஏற்பி ஜிஎஸ், ஜிஐ இரண்டோடும் இணைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

முழுச் செல்லுக்குப் பதிலாகச் சவ்வை எடுத்தால், மக்னீசியம், ஏடிபி (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) இவற்றோடு குவானோசின் ட்ரைபாஸ்பேட்டையும் நீங்களே சேர்க்க வேண்டும். இல்லாவிடில் ஏற்பி தூண்டினாலும் செய்தி நொதியை எட்டாது. 1970களின் தொடக்கத்தில் உயிர்வேதியியலாளர் மார்ட்டின் ராட்பெல் ஈரல் சவ்வில் இதைக் கண்டபோது, வாங்கிய ஏடிபியில் கலந்திருந்த குவானோசின் ட்ரைபாஸ்பேட்டே ஏடிபியின் விளைவாகத் தோன்றியிருந்தது தெளிவாயிற்று. அந்த வழியில் எழுந்த ஜி புரத ஆய்வுக்காக அவரும் ஆல்ஃபிரட் கில்மனும் 1994இல் நோபல் பரிசு பெற்றனர். எனவே தூய்மை மிகுந்த ஏடிபியையே வாங்குங்கள். குவானோசின் ட்ரைபாஸ்பேட் சேர்க்காத ஒரு குழாயை ஒவ்வொரு வரிசையிலும் ஒப்பீட்டுக்காக வையுங்கள்.