மின் ஸ்கூட்டர் பழகுவோம்: இறுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும்

எங்கள் வீட்டுக்கு மின் ஸ்கூட்டர் வந்தது கனடாவில் இருக்கும் சின்னம்மாவிடமிருந்து. முழங்கால் தேய்மானத்தால் நடக்கச் சிரமப்படும் அம்மாவுக்காக அவர் அனுப்பிய அந்த வண்டி, நான்கு சிறு சக்கரங்களும் ஓர் ஆசனமும் முன்னால் ஒரு கைப்பிடித் தண்டும் கொண்டது. கழற்றினால் துண்டு துண்டாக ஓட்டோவில் ஏற்றிவிடலாம். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் அம்மா அதைத் தனியாக ஓட்டும் நிலைக்கு வர மூன்று கிழமைகள் சென்றன. அந்த நாட்களில் கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: சார்ஜரை வாசிப்பது

பெட்டியைப் பிரித்த கையோடு மின்னேற்றிவிட வேண்டாம். சார்ஜரில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் வாசியுங்கள். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட். சீட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் செருகியை மட்டும் மாற்றினால் போதும். 115 அல்லது 120 என்று மாத்திரம் இருந்தால் அதை இங்கே நேரடியாகச் செருகக் கூடாது, எரிந்துவிடும். அந்த வண்டியின் பற்றறி வகைக்குப் பொருந்துகின்ற, 230 வோல்ட்டில் இயங்கும் சார்ஜர் ஒன்றை வாங்க வேண்டும். சில சார்ஜர்களில் 115, 230 என மாற்றும் சிறிய சுவிச் ஒன்று பக்கவாட்டில் இருக்கும். அது 230 இல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள். லண்டனிலிருந்து வரும் வண்டிகளில் மின்னழுத்தச் சிக்கல் இல்லை.

ஈய அமிலப் பற்றறிக்கான சார்ஜரை லித்தியம் பற்றறிக்கோ, அதனுடையதை இதற்கோ ஒருபோதும் மாற்றிப் போடாதீர்கள்.

பொருத்துவது

பின்பாகம், முன்பாகம், பற்றறிப் பெட்டி, ஆசனம் என்ற வரிசையில் பொருத்துங்கள். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. மோட்டார் இருக்கும் பின்பாகம்தான் பெரும்பாலும் அதிகப் பாரம். இரும்புச் சட்டத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும். எல்லாம் பூட்டியபின் முன்பாகத்தையும் ஆசனத்தையும் ஒருமுறை பலமாக அசைத்துப் பாருங்கள்.

உடம்புக்கேற்ப அளவு சரிசெய்வது

திறப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டப்போகிறவரையே அமரவைத்து அளவெடுங்கள். இரு பாதங்களும் தளத்தில் முழுமையாகப் பதிந்து, முழங்கால் ஏறக்குறைய நேர்கோணத்தில் மடிந்திருந்தால் ஆசன உயரம் சரி. கால் தொங்கினால், அவரை இறக்கிவிட்டு, ஆசனத்தின் கீழ்த் தண்டில் உள்ள ஊசியைக் கழற்றி ஒரு துளை இறக்குங்கள். ஊசி மறுபக்கம் வரை நுழைந்ததை விரலால் தடவி உறுதிசெய்யுங்கள். கைதாங்கிகளின் இடைவெளியை ஆசனத்தின் பின்னால் உள்ள திருகுகளால் கூட்டிக் குறைக்கலாம்.

கைப்பிடித் தண்டின் சாய்வை நாங்கள் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. தண்டு தள்ளி நின்றதால் அம்மா முன்னால் வளைந்து அதைப் பிடித்தார். வண்டி சிறிது குலுங்கியபோதெல்லாம் விழாமலிருக்கக் கையை இறுக்கினார். கைப்பிடியில் வண்டியை ஓட்டும் நெம்பு (விரலால் அழுத்தும் பிடி) இருப்பதால், இறுக்கிய கை வண்டியை ஓட்டியது. முழங்கை சற்றே மடிந்து, முதுகு சாய்மானத்தில் பட்டபடியே விரல் நெம்பைத் தொடும் அளவுக்குத் தண்டைக் கிட்டக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை நின்றது.

கையை விடப் பழகுவது

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். சைக்கிளில் நிற்பதற்குக் கையை இறுக்குவோம். இந்த வண்டியில் நிற்பதற்குக் கையைத் தளர்த்த வேண்டும். கைப்பிடியில் உள்ள நெம்பை மெல்ல அழுத்தினால் மெல்லவும், கூட அழுத்தினால் விரைவாகவும் ஓடும். விட்டுவிட்டால் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, வண்டி நின்றதும் ‘டிக்’ என்ற ஓசையோடு மின்காந்தப் பிறேக் பூட்டிக்கொள்ளும். மின்சாரம் பாயும்போதே அந்தப் பிறேக் திறந்திருக்கும் என்பதால், பற்றறி தீர்ந்துபோனாலும் வண்டி தானாக உருளாது.

முப்பது வருடம் சைக்கிளில் பாடசாலைக்குப் போய்ப் படிப்பித்தவர் அம்மா. மூன்றாம் நாள் படலையை நெருங்கியபோது பதறி, பழைய பழக்கத்தில் கையை இறுக்கினார். வண்டி விரைந்து படலையில் மோதியது. வேகக் குமிழ் குறைந்த வேகத்தைக் காட்டும் ஆமைப் படத்தின் பக்கம் இருந்ததால் காயம் ஏற்படவில்லை. ஆகவே முதல் கிழமை முழுவதும் குமிழை அந்தப் பக்கத்திலேயே வையுங்கள். வளவுக்குள் ஒருவர் பக்கத்தில் நடந்துகொண்டு, எதிர்பாராத நேரத்தில் “விடுங்கோ” என்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் விரல்களை விரித்துவிட வேண்டும். அம்மா இதை ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை செய்தார். யோசிக்காமலே கை விரிகிற நாள்வரை ஒழுங்கைக்கு இறங்க வேண்டாம். வலது நெம்பு முன்னோக்கியும் இடது நெம்பு பின்னோக்கியும் செலுத்துவது பொது வழக்கம் என்றாலும், உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் திறப்பு அணைந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்போ கைப்பையின் வாரோ நெம்பில் பட்டாலே வண்டி நகர்ந்துவிடும். சேலைக் கரை பின்சக்கரத்தை எட்டாதபடி மடித்துச் செருகிக்கொள்ளவும் வேண்டும்.

வாசற்படி, மணல், வீதி

வாசற்படிக்குச் சரிவுப் பலகை போடுவதாயின் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கைப் பின்பற்றுங்கள். அரை அடிப் படிக்கு 6 அடிப் பலகை வேண்டும். சரிவில் நேராக ஏறி நேராகவே இறங்க வேண்டும். நடுவில் திருப்பினால், குறிப்பாக மூன்று சக்கர வண்டி, பக்கவாட்டில் கவிழக்கூடும்.

கல்லடிக் கடற்கரையைக் கண்டால் மணலில் இறங்க ஆசை வரும். சிறு சக்கரங்கள் புதையும், மோட்டார் சூடேறும். கொங்கிறீட் பாதை முடிகிற இடத்தில் நின்றுவிடுங்கள். ஒழுங்கைகளின் ஓரத்தில் படிந்திருக்கும் மணலிலும் இதே கவனம் தேவை. இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்திலேயே செல்லும் என்பதால், பேருந்துகள் ஓடும் கல்முனை வீதியில் இவற்றை ஓட்ட வேண்டாம். அதைக் கடக்க நேர்ந்தால் துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

பின்சக்கரத்தருகே ஒரு நெம்பு இருக்கும். அதைத் தள்ளினால் பிறேக் முற்றாக விடுபட்டு வண்டியைக் கையால் உருட்டலாம். யாரும் அமர்ந்திருக்கும்போதும் சரிவிலும் அதைத் தொடக் கூடாது. உருட்டி முடித்தவுடன் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

மின்னேற்றமும் மாரிக் காலமும்

ஈய அமிலப் பற்றறியாயின் சிறிது தூரம் ஓடினாலும் அன்றிரவே மின்னேற்றுங்கள். வெறுமையாகக் கிடந்தால் அது கெட்டுப்போகும். ஓட்டாமல் வைத்திருந்தாலும் மாதம் ஒரு முறையேனும் ஏற்ற வேண்டும். சார்ஜர் செருகியிருக்கும்போது வண்டி அசையாவிட்டால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

கடற்காற்றின் உப்பு மின் இணைப்புகளை அரிக்கும். கிழமைக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். குழாய் நீரைப் பாய்ச்சிக் கழுவாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் முற்றத்தில் தண்ணீர் ஏறும் வீடாக இருந்தால், பற்றறிப் பெட்டியை முன்கூட்டியே கழற்றி உயரமான மேசையில் வையுங்கள். ஒருவேளை பற்றறியோ மோட்டாரோ வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், காய்ந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும் மின்னேற்றாமல், தெரிந்த திருத்துநர் ஒருவர் திறந்து பார்க்கும் வரை திறப்பைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.