நாலு மணித் தேத்தண்ணிக்கு ஸ்கோன்

தேத்தண்ணியோடு சாப்பிடும் சிறு பணிஸ் போன்ற ஸ்கோன் கொழும்பில் தட்டையாகிப் போனால் எல்லோரும் அவணைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி பட்டர். மாவுக்குள் அது சிறுசிறு துண்டுகளாகவே இருந்து, அவணில் உருகி நீராவி விட்டால்தான் ஸ்கோன் அடுக்காக எழும்பும். பிற்பகல் வெக்கையிலோ கைபட்டதுமே இளகி மாவோடு கலந்துவிடும். ஆகவே வெட்டிய பட்டரையும் மாவையும் கிண்ணத்தோடு அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள்.

எட்டு ஒன்பது ஸ்கோனுக்கு 250 கிராம் கோதுமை மா, 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 40 கிராம் சீனி, 60 கிராம் பட்டர், 1 முட்டை, 100 மில்லிலீற்றர் பால். உப்புப் பட்டரென்றால் வேறு உப்பு வேண்டாம். திறந்து நாளான பேக்கிங் பவுடர் ஈரம் பிடித்திருக்கும். அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள், பொங்காவிட்டால் எறியுங்கள்.

மாவில் பட்டரை விரல் நுனியால் உதிர்த்து, பாண்தூள் போல வந்ததும் நிறுத்துங்கள். முட்டை அடித்த பாலைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றிக் கத்தியால் கிளறுங்கள். கையில் சற்று ஒட்டவேண்டும். ரொட்டிக்குக் குழைப்பதுபோல் குழைத்தால் இறப்பர்தான் கிடைக்கும். 2.5 சென்ரிமீற்றர் கனத்துக்குத் தட்டி, 5 சென்ரிமீற்றர் வட்ட அச்சால் நேரே அழுத்தி வெட்டுங்கள். அச்சைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் சாய்ந்து எழும்பும். முன்கூட்டியே சூடாக்கிய அவணில் 220 பாகை செல்சியஸ், 12 முதல் 14 நிமிடம்.

நாலு மணிக்கென்றால் காலி வீதி நெரிசலில் நாலரைக்குத்தான் வருவார்கள். வெட்டிய ஸ்கோனைத் தட்டோடு பிரிட்ஜில் வைத்துவிட்டு, ஆட்கள் வந்தபிறகு அவணுக்குள் தள்ளுங்கள். ஆறிய ஸ்கோனுக்கு எந்த ஜாமும் உதவாது.

ஸ்கோனில் பூசும் கெட்டிப் பாலாடையான கிளொட்டட் கிரீமுக்கு அலையவேண்டாம். சட்டித் தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு பிரிட்ஜில் வடியவிட்டால் கெட்டியாகிவிடும். அதன் மெல்லிய புளிப்புக்கு விளாம்பழ ஜாம் எடுப்பாக இருக்கும்.

வெள்ளரிக்காய் சான்ட்விச்சுக்குத் துண்டுகளில் உப்புத் தூவி, பத்து நிமிடத்தில் ஒற்றியெடுங்கள். பாணின் ஓரம்வரை பட்டர் பூசாவிட்டால் ஊறிப்போகும். மின்விசிறிக் காற்றில் காயாமலிருக்க ஈரத்துணியால் மூடுங்கள்.

தேயிலைக்கு டிம்புள மலைப்பகுதியின் பி.ஓ.பி.எப். என்ற பொடி இலைத் தரம் நல்ல தெரிவு. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்பது வாசனை கூடியது. கேத்திலை முதலில் சூடாக்கி, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றுங்கள். பொடி இலை என்பதால் மூன்று நிமிடத்தில் சாயம் இறங்கிவிடும். அதற்குமேல் இலை கிடந்தால் கைக்கும். உடனே இன்னொரு கேத்திலுக்கு வடித்துவிடுங்கள்.