விவசாயிகள் கேட்டது 7.5 எச்.பி. மோட்டார்.

கோவையில் போர்வெல் மோட்டார் வடிவமைப்பதுதான் என் வேலை. பல்லடம் பக்கத்து வியாபாரி ஒருவர், "5 எச்.பி. மோட்டார் எரிந்துகொண்டே இருக்கிறது, சார். விவசாயிகள் 7.5 கேட்கிறார்கள்" என்றார். அப்படியே வரைபடம் போட இருந்தேன். நல்லவேளை, எரிந்த மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று ஃபேஸ் சுருளும் ஒரே சீராகக் கருகியிருந்தன. ஒரு ஃபேஸ் விடுபட்டிருந்தால் இப்படிக் கருகாது.

மாலையில் தோட்டத்துக்கே போய் மீட்டர் வைத்தேன். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300. மோட்டாரைச் சுழற்றும் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, சுருள் வெந்துபோகிறது. அவர்களுக்கு வேண்டியது குறைந்த வோல்டேஜிலும் எரியாத மோட்டார். அதைத்தான் 7.5 என்று சொல்லியிருக்கிறார்கள்.

குறைந்த வோல்டேஜிலும் முறுக்குவிசை கிடைக்க, சுருளின் சுற்றுகளைக் குறைத்துத் தடித்த வயர் போட்டேன். சுற்று குறைந்தால், வோல்டேஜ் ஏறும் நேரத்தில் இரும்பு காந்தச் செறிவை, அதாவது அது தாங்கும் காந்தப்புலத்தின் எல்லையை, எட்டிவிடும்; அதைத் தவிர்க்க ஸ்டாம்பிங் எனப்படும் இரும்புத் தகடுகளின் அடுக்கை நீளமாக்கினேன். விலை கூடியது, வியாபாரி முகம் சுளித்தார். அதே போர்வெல்லில் இறக்கி இரண்டு கோடை ஓட்டினோம். மோட்டாரை ஒருமுறைகூட மேலே எடுக்க வேண்டியிருக்கவில்லை.